பொங்கல் லீவுக்கு ஊர் கூடும்போது ஒரு பழ ரம் பஞ்ச்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

தை பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகள் திறந்துவிடும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பங்காளிகள் வந்து சேர்வார்கள், ஏதாவது ஒரு சாயங்காலம் குடிக்கிறவர்கள் மட்டும் மொட்டைமாடிக்கு நழுவுவார்கள். ஆளுக்கொரு பாட்டிலோடு மூலையில் உட்கார்வதைவிட, பஞ்ச் என்கிற, ரம்மில் பழம் ஊறவைத்துப் புளிப்பும் இனிப்பும் கலந்த பானத்தை ஒரே பாத்திரத்தில் நடுவே வைத்து, அளவாக மொண்டு பேசிக்கொண்டே குடிப்பது எவ்வளவோ நல்லது. நாக்கில் பழமும் புளிப்பும் முன்னால் நிற்க வேண்டும், சாராயம் பின்னால் இருக்க வேண்டும், ஒரு கிளாஸில் எவ்வளவு போகிறது என்று ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்தால் பஞ்ச் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். பொங்கலன்றும் முன்னோருக்குப் படைப்பு நடக்கிற நாளிலும் வேண்டாம், வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்ச் ஏதோ வெள்ளைக்காரச் சமாச்சாரம் என்று தயங்க வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி மாலுமிகள் நம் கரைகளில் கிடைத்த சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, மசாலா இவற்றைக் கலந்து குடிக்கப் பழகித்தான் இது இங்கிலாந்துக்கே போனது. கரீபியன் தீவுகளில், குறிப்பாக பார்படோஸில், இதற்கு ஒரு கணக்குப் பாட்டே உண்டு: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, சாராயம் மூன்று, தண்ணீர் நான்கு. அந்தக் கணக்கில் இனிப்பும் போதையும் நமக்குக் கொஞ்சம் தூக்கல்தான். அதனால் இரண்டையும் குறைத்திருக்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியவை. 750 மில்லி ரம் ஒரு பாட்டில், நடுத்தர அன்னாசிப்பழம் ஒன்று, கமலா ஆரஞ்சு ஆறு, எலுமிச்சை ஆறு, கம்பம் பன்னீர் திராட்சை கால் கிலோ, கெட்டியான கொய்யா ஒன்று, வெள்ளைச் சர்க்கரை 200 கிராம், டீத்தூள், 750 மில்லி சோடா. ரம் கருப்போ வெள்ளையோ எதுவும் ஆகும், வெள்ளை ரம் என்றால் திராட்சையின் நிறம் அழகாக இறங்கும். டாஸ்மாக் கடைக்குக் கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். பகல் 12 மணிக்கு மேல்தான் திறப்பார்கள், திருவள்ளுவர் தினத்தன்றும் ஜனவரி 26 அன்றும் விடுமுறை. தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்களுக்கு மது கொடுக்கக் கூடாது, கல்லூரிக்குப் போகிற தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. இன்னொன்று, நாம் இங்கே செய்வது கடையில் வாங்கிய மதுவில் பழத்தை ஊறவைப்பது மட்டும்தான். ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைப்பதும் காய்ச்சுவதும் சட்டப்படி குற்றம், காய்ச்சுவதில் உயிருக்கே ஆபத்து. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்து பாத்திரம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில்தான் இந்தச் சிக்கல் அதிகம். இரண்டாங்கட்டு அறையைத் திறந்தால் பர்மாவிலிருந்து வந்த பீங்கான் ஜாடி, எனாமல் பூசிய மங்குச் சாமான், பித்தளைக் குண்டான் என்று வரிசையாக இருக்கும், அதில் ஒன்றை எடுத்து வைத்தால் பார்க்க எடுப்பாக இருக்குமே என்று கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். பழைய பீங்கான் மெருகிலும் எனாமல் பூச்சிலும் காரீயம் என்கிற நச்சு உலோகம் இருக்கலாம், எலுமிச்சைப் புளிப்பும் மதுவும் சேர்ந்து அதை இழுத்து வெளியே விடும், கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது. பித்தளையும் செம்பும் புளிப்புப் பட்டால் கரையும், வயிற்றைப் புரட்டி வாந்தி வரும். ஊறவைக்கப் பெரிய கண்ணாடி ஜாடி, பரிமாற எவர்சில்வர் அண்டா, இது போதும். அழகுக்கு அந்த ஜாடியில் பூ வையுங்கள்.

வேலை முதல் நாள் சாயங்காலமே ஆரம்பிக்கிறது. ஆரஞ்சில் நான்கையும் எலுமிச்சையில் நான்கையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், கடைப் பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம். காய் சீவுகிற சீவியால் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். சீவிய தோலைச் சர்க்கரையோடு சேர்த்துக் கையால் நன்றாகப் பிசைந்து, நாலைந்து மணி நேரம் மூடி வைத்துவிடுங்கள். தோலில் இருக்கும் எண்ணெயைச் சர்க்கரை உறிஞ்சி எடுத்து, அடியில் ஈரமாக, மணக்க மணக்கப் பாகு மாதிரி நிற்கும். பஞ்சின் வாசனையே இதில்தான் இருக்கிறது. அவசரமென்று இந்தப் படியைத் தாண்டிவிட்டால் கடைசியில் கிடைப்பது ரம் ஊற்றிய ஜூஸ்தான். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இதற்கு வேண்டாம், அவற்றின் மணம் தோலின் மணத்தை அமுக்கிவிடும். தோல் சீவிய பழங்களை எறியாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் சாறுக்கு வேண்டும்.

அது ஊறும் நேரத்தில் பழத்தை நறுக்குங்கள். அன்னாசியைக் கண் எடுத்துச் சின்னத் துண்டுகளாக, திராட்சையை இரண்டாகக் கீறி, கொய்யாவை விதை நீக்கி. வாழைப்பழமும் பப்பாளியும் குழைந்து கலங்கிவிடும், தர்பூசணி வெறும் தண்ணீர்தான் விடும், மூன்றும் வேண்டாம். நறுக்கியதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ரம் முழுவதையும் ஊற்றுங்கள். பழம் மேலே மிதந்து காற்றுப் பட்டால் கறுக்கும், அதனால் மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அமுக்கிவிடுங்கள்.

மசாலாவில் கை தாராளமாகப் போக வேண்டாம். செட்டிநாட்டு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதையெல்லாம் போட்டால் அது குருமா. விரல் நீளப் பட்டை ஒன்று, அன்னாசிப்பூ ஒன்று, கிராம்பு மூன்று, தட்டிய ஏலக்காய் நான்கு, அவ்வளவுதான். கல்பாசியும் மராட்டி மொக்கும் கறிக்கே இருக்கட்டும். மசாலாவைச் சின்ன மஸ்லின் துணியில் கட்டிப் போட்டால் வெளியே எடுக்கச் சுலபம். தண்ணீரில் கரையாத வாசனை எண்ணெயெல்லாம் மதுவில் வேகமாக இறங்கும், கிராம்பு நேரம் கடந்தால் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும், அதனால் மறுநாள் காலையிலேயே முடிச்சை எடுத்துவிடுங்கள். ஜாடி ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பழத்தின் சாறு இறங்கியதும் ரம்மின் வீரியம் குறையும், நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. 24 மணி நேரம் ஊறினால் போதும், 48 வரை போகலாம்.

படுக்கப் போகுமுன் ஒரு டிபன் டப்பாவில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். பெரிய கட்டி ஐஸ் மெல்லக் கரையும், பஞ்ச் சீக்கிரம் நீர்த்துப் போகாது.

மறுநாள் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நாலு டீஸ்பூன் டீத்தூள் போட்டு, நாலு நிமிஷத்தில் வடிகட்டி ஆறவையுங்கள். பால் சேர்க்கவே கூடாது, புளிப்பில் திரிந்துவிடும். வெறும் தண்ணீருக்குப் பதில் டீ சேர்ப்பது அந்த லேசான துவர்ப்புக்காக, அது இருந்தால் இனிப்பு திகட்டாது. அப்புறம் ஆறு எலுமிச்சையின் சாற்றைத் தோலூறிய சர்க்கரையில் ஊற்றி, கரையும்வரை கலக்கி, வடிகட்டி அண்டாவில் விடுங்கள். சுமார் 150 மில்லி சாறு வரும், சேர்க்குமுன் ஒன்றிரண்டு ஸ்பூன் தனியே எடுத்து வையுங்கள். ஆரஞ்சுச் சாறு 300 மில்லி, ஆறிய டீ, வடிகட்டிய ரம் எல்லாம் சேர்த்து நன்றாகக் குளிரவையுங்கள். ஊறிய பழத்தில் ஒரு கை மட்டும் திரும்பப் போடலாம். விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகுதான் ஐஸ் கட்டியும் சோடாவும், மேலே கொஞ்சம் ஜாதிக்காய் துருவல். ருசி பாருங்கள், தித்திப்பு முன்னால் நின்றால் எடுத்து வைத்த எலுமிச்சைச் சாறு.

இப்போது கணக்கு. நம் ஊர் ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம், 750 மில்லியில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 320 மில்லி. மொத்தப் பஞ்ச் 3 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், அப்படியானால் ஏறத்தாழ பத்து சதவீதம். 150 மில்லி கிளாஸ் ஒன்றில் 36 மில்லி ரம், ஒரு சின்னப் பெக்கைவிடச் சற்றுக் கூடுதல். குடிக்கும்போது அப்படித் தெரியாது, பானகம் போல இறங்கும், அதனால்தான் சொல்கிறேன்: எட்டுப் பத்துப் பேருக்கு இது தாராளம், ஆளுக்கு இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், உப்புக்கறியோ காரப் பணியாரமோ முதலில் வரட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது. வண்டி ஓட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு ஒரு கிளாஸும் வேண்டாம்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரம் இல்லாமல் இதே டீ, இதே ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி வைத்து இன்னொரு பாத்திரம் செய்துவிடுங்கள். தோலும் சர்க்கரையும் இரண்டு மடங்காக ஊறவைத்தால் இதற்கும் ஆகும். ரம் இல்லாதது முகப்பிலும் ரம் சேர்த்தது மாடியிலும் இருக்கட்டும், கிளாஸ்களும் வேறு வேறாக இருக்கட்டும். ஊறிய பழத்துண்டில் மது நிறைய இறங்கியிருக்கும், ஒரு துண்டுதானே என்று எந்தக் குழந்தை கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

சோடா சேர்க்காத பஞ்ச் மீந்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பழச் சக்கையைப் பழக்கதோஷத்தில் கழுநீர்ப் பானையில் போட்டுவிட வேண்டாம், மாடு குடித்துவிடும். தோட்டத்தில் குழி தோண்டி மூடிவிடுங்கள்.