மாதவிடாய் வயிற்று வலிக்குச் சூட்டு ஒத்தடம்: வெந்நீர்ப் பையில் நான் செய்த தவறும் இப்போது செய்யும் முறையும்

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்துக் கொட்டும் எங்கள் மதுரை வீட்டில், அடிவயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்த என்னைப் பார்த்து, “உடம்புச் சூட்டாலதானடி வயிறு வலிக்குது, அதுக்கு மேலயும் சூடு வைக்கிறியே?” என்று அம்மா கேட்டார். வெந்தயத்தை மோரில் போட்டு விழுங்கச் சொல்லும் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கேள்வி எழும். அம்மா சொல்லும் உடம்புச் சூடும் வலிக்கு நாம் வைக்கும் சூடும் ஒன்றல்ல. மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறைவதால்தான் அந்தப் பிசையும் வலி உண்டாகிறது. வெளியிலிருந்து வைக்கும் மிதமான சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, வலி உணர்வையும் மட்டுப்படுத்துகிறது.

எவ்வளவு சூடு என்பதில்தான் பல ஆண்டுகள் நான் தவறு செய்துவந்தேன். சூடு கூடக் கூட வலி சீக்கிரம் போகும் என்று நினைத்து, தோல் சிவக்கும் வரை பொறுத்துக்கொண்டிருப்பேன். 2001ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வெப்பம் தரும் பட்டையை நாளுக்கு 12 மணி நேரம் அடிவயிற்றில் அணிந்திருந்த பெண்களுக்கு, 400 மில்லிகிராம் ஐபுப்ரூஃபன் என்னும் வலி மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை உட்கொண்ட பெண்களுக்கு இணையாக வலி குறைந்தது. 39 டிகிரி என்பது கத்திரி வெயிலில் எங்கள் மதுரைச் சிம்மக்கல்லில் நிற்கும்போது முகத்தில் படும் காற்றின் சூடுதான். ஆகவே சூடு குறைவாக இருக்கட்டும், நேரம் கூடுதலாக இருக்கட்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

எதை வாங்குவது

மருந்துக் கடையில் ‘ஹாட் வாட்டர் பேக்’ என்று கேட்டால் கிடைக்கும் சாதாரண இரப்பர் பைதான் என் தேர்வு. மின்சாரத்தில் செருகிச் சூடேற்றும் திரவப் பை எனக்குப் பிடிக்காது. எவ்வளவு சூடாகும் என்பது நம் கையில் இல்லை, செருகியிருக்கும்போது அதை மடியில் வைத்துக்கொள்வது ஆபத்து, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் அது வெறும் தலையணை. இரப்பர் பைக்கு அடுப்பும் தண்ணீரும் போதும். வாங்கும்போது மூடியைத் திருகிப் பார்த்து, உள்ளே வாஷர் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில பைகளின் கழுத்தருகே பூப் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதன் நடுவில் உள்ள எண் பை தயாரான ஆண்டையும், இதழ்கள் மாதத்தையும் குறிக்கின்றன. கடையின் மேல் அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த பையை வாங்காமல் தவிர்க்க இது உதவும். வாங்கிய பையையும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் கலப்பதும் காற்றை வெளியேற்றுவதும்

நான் சறுக்கிய இடம் இதுதான். கல்லூரி விடுதியில் இருந்தபோது, கெட்டிலில் தளதளவென்று கொதித்த தண்ணீரை அப்படியே பையின் வாய் வரை ஊற்றி, மூடியை இறுக்கி, அதன் மேல் குப்புறப் படுத்தேன். முழுதாக நிரம்பிய பை என் உடல் எடையில் பிதுங்கியது, மூடியின் ஓரமாக வெந்நீர் கசிந்து தொடையில் வழிந்தது, வயிற்றுவலியை மறந்து எழுந்து ஓடினேன். கொப்புளம் ஆறப் பத்து நாள் பிடித்தது.

இப்போது செய்யும் முறை இது. கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு பங்கு, குடத்துத் தண்ணீர் ஒரு பங்கு என்று ஒரு சொம்பில் முதலில் கலந்துகொள்கிறேன். நம் ஊர்த் தண்ணீருக்கு அது 65 டிகிரி அளவில் வந்து நிற்கும்; தண்ணீர் குளிர்ந்திருக்கும் மார்கழியில் சூட்டுத் தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கலாம். பையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றாமல், அடுப்படி மேடையில் கழுத்து மேலே இருக்குமாறு சாய்த்து வைத்து, புனல் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். பாதியளவுக்கு மேல் வேண்டாம். இரண்டு லிட்டர் பையை நிரப்பினால் வலிக்கும் வயிற்றின் மேல் இரண்டு கிலோ எடையைச் சுமத்துகிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, மூடுவதற்கு முன்பு, பையை மேடையில் மெல்லப் படுக்க வைத்து, கழுத்தை மட்டும் சற்றே உயர்த்திப் பிடித்து, தண்ணீர் வாயின் விளிம்பில் தளும்பி மின்னும் வரை பையின் வயிற்றை உள்ளங்கையால் அழுத்துங்கள். புஸ்ஸென்று காற்று வெளியேறும். விரலில் ஆவி படும் என்பதால் ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே மூடியைத் திருக வேண்டும். காற்று போன பை தட்டையாகக் கிடந்து அடிவயிற்றின் வளைவுக்கு ஏற்ப மடங்கும். காற்றுள்ள பை பந்து போல உருண்டு ஓடும். மூடிய பின் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை குலுக்கிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

துணியும் இடமும் நேரமும்

பருத்தித் துணியில்தான் சுற்ற வேண்டும். பழைய சுங்குடிச் சேலையை இரண்டு மூன்று மடிப்பாக மடித்துப் பை போலத் தைத்து வைத்திருக்கிறேன். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும் துணி அது. சுற்றிய பையை முன்கையின் உட்புறத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி, கையை எடுக்கத் தோன்றினால் இன்னொரு மடிப்புத் துணி வேண்டும்.

தொப்புளுக்குக் கீழே, இடுப்பு எலும்புகளுக்கு நடுவே வையுங்கள். வலி முதுகில் தெரிபவர்கள் கீழ் முதுகில் வைக்கலாம். ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, பையைத் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே அணைத்துக்கொள்வது எனக்கு ஏற்ற நிலை. எக்காரணம் கொண்டும் அதன் மேல் குப்புறப் படுக்க வேண்டாம். ஆய்வில் சொன்ன பட்டையைவிட இந்தப் பை சூடானது என்பதால், அதைப் போல மணிக்கணக்கில் வைக்காமல், 15 முதல் 20 நிமிடம் வைத்து, தோலுக்குச் சற்று ஓய்வு தந்து, மீண்டும் வைக்கலாம். தூக்கம் வந்தால் பையை எடுத்துவிடுங்கள். தாங்கும் சூடு என்று தோன்றுவதும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் புண்ணாக்கிவிடும். மாதந்தோறும் அதிகச் சூட்டை ஒரே இடத்தில் வைத்துவந்ததால் என் வயிற்றில் வலை பின்னியது போன்ற பழுப்புக் கோடுகள் விழுந்து, மறையப் பல மாதங்கள் ஆயின.

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு தொடங்காமல், அடிவயிற்றில் அந்த முதல் இழுப்புத் தெரிந்தவுடனே தொடங்குங்கள். முதல் இரண்டு நாட்களில்தான் வலி கடுமையாக இருக்கும் என்பதால், அந்த நாட்களுக்குப் பையையும் துணியையும் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வேன். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். கோடையில் விசிறியை ஓடவிட்டு, தண்ணீரோ மோரோ அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குச் சூடு தேவை என்பதற்காக உடல் முழுவதையும் போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை.

பை இல்லாதபோது

அப்பத்தா செய்தது கல்லுப்பு ஒத்தடம். இரண்டு கை கல்லுப்பை இரும்பு வடச்சட்டியில் போட்டு வறுத்தால் கற்களுக்குள் இருக்கும் ஈரம் வெடித்துப் படபடவென்று தெறிக்கும். கண்ணில் விழாமல் ஒரு தட்டால் பாதி மூடிக்கொள்ளுங்கள். இறக்கி ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் கொட்டி முடிந்து, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். உப்பு மிகுந்த சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் முடிச்சை வயிற்றின் மேல் அப்படியே விட்டுவிடக் கூடாது. அவசரத்தில் ஒருமுறை பாலியஸ்டர் துப்பட்டாவில் முடிந்தேன். துணி உருகி, உப்புக் கற்கள் அதில் பதிந்து, கருகிய நாற்றம் அடுப்படியை விட்டுப் போக வெகுநேரம் ஆயிற்று. அதிலிருந்து பருத்தியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தைலம் தேய்த்துவிட்டு அதன் மேல் பையை வைத்ததும் தோல் தீயாக எரிந்தது என்று எழுதியிருந்தார். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைலமோ வலிக் களிம்போ தடவிய இடத்தில் சூடு வைக்கவே கூடாது. சூட்டில் மருந்து தோலுக்குள் வேகமாக இறங்கிப் புண்ணாக்கும். நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்க்கும் துணிக்கடைப் பெண் ஒருவர் பையை எப்படிச் சுமப்பது என்று கேட்டிருந்தார். அவருக்கு, உள்ளாடையின் மேல் ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டை பொருத்தம். வெறும் தோலில் ஒட்டாமல், உறையில் எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் வைக்காமல் பயன்படுத்தலாம். வேறொருவர், சர்க்கரை நோயுள்ள தன் மாமியார் அதே பையைக் கால் வலிக்கு எடுத்துக்கொள்கிறார் என்றார். உணர்ச்சி மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை வைக்கவே வேண்டாம். சுடுவது அவருக்குத் தெரியாது.

ஒத்தடத்துக்கு அடங்காத வலியும் உண்டு. இத்தனை ஆண்டுகள் இல்லாமல் புதிதாகத் தொடங்கிய வலி, மாதத்துக்கு மாதம் கூடும் வலி, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் வரும் வலி, மணிக்கொரு நாப்கின் நனையும் உதிரப்போக்கு, காய்ச்சல், நாள் தள்ளிப்போன நிலையில் ஒரு பக்கமாகப் பிடிக்கும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் பையை ஓரம் வைத்துவிட்டு மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரியாஸ்பத்திரியிலும் இதற்கான பிரிவு உண்டு. கடைசியாகச் சொன்ன வலிக்கு அன்றைக்கே போக வேண்டும்.

வேலை முடிந்ததும் பையைக் காலி செய்து, மூடியைக் கழற்றி, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்த என் முதல் பை, கழுத்து மடிப்பில் மயிரிழை போல வெடித்திருந்ததை, நல்ல வேளையாக, தலைகீழாகக் குலுக்கிப் பார்த்தபோதே கண்டுபிடித்தேன்.