கால் மைல் ஓட்டத்தில் முன் டயர் ஏன் வழுக்கியது?

இங்கிலாந்தின் சான்டா பாட் கார் பந்தய ஓடுதளத்தில் சாதாரண ரோட்டுக் காரையே கொண்டுபோய்க் கால் மைல் ஓட்டிப் பார்க்கலாம். என்னுடையது முன்சக்கர இழுவை, மேனுவல் கியர். கிளட்சை விட்டதும் முன் டயர் சும்மா சுற்றும், கார் நகராது. ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டைப் பார்த்தால் முதல் 60 அடிக்கே 2.7 வினாடி.

டயரில் காற்றைக் குறைத்தேன், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்தேன், கிளம்பும்போது எஞ்சின் சுழற்சியை 4,000 ஆர்பிஎம்மிலிருந்து 3,000க்கு இறக்கினேன். ம்ஹூம். பல வார இறுதிகள் இதிலேயே போயின, எரிச்சல்தான் மிச்சம்.

அப்புறம் வரிசையில் நிற்கும்போது, முன்னால் போன காருக்குப் பின்னால் தொடக்கக் கோடு வரை ஈரத் தடம் நீள்வதைக் கவனித்தேன். டயரைச் சுற்றவிட்டுச் சூடாக்கத் தரையில் தண்ணீர் விட்டிருப்பார்கள் இல்லையா, அது பள்ளமே இல்லாத ஸ்லிக் டயருக்கு. நம் ரோட்டு டயரின் பள்ளங்களோ அந்தத் தண்ணீரை அள்ளி வந்து சரியாகக் கிளம்புகிற இடத்தில் சொட்டவிடும்.

சரி என்று தண்ணீரைத் தொடாமல் ஓரமாகச் சுற்றிப்போய், காய்ந்த இடத்தில் டயரை ஒரு நொடி சுற்றவிட்டேன், ஒட்டியிருந்த பொடிக்கல் எல்லாம் தெறித்தது. 2,500இல் கிளட்சைப் பாதியில் பிடித்து, கார் உருண்ட பிறகே முழுதாக விட்டேன். அதே 60 அடிக்கு 2.3 வினாடி!

இன்னொன்று, பச்சை விளக்கைப் பார்த்துப் பதற வேண்டாம். சக்கரம் தொடக்கக் கோட்டில் இருக்கும் ஒளிக்கற்றையைத் தாண்டிய பிறகுதான் உங்கள் ஓட்ட நேரம் எண்ணப்படும்.