பட்டறையின் முதல் ஆள்: சம்பளக் கணக்கைச் சீர்செய்த விதம்

என் கிரில் பட்டறைக்கு முதல் ஆளாக வந்தவர் கைதேர்ந்த வெல்டர். வேலையில் குறை சொல்ல இடமில்லை. இழுபறியெல்லாம் சம்பளத்தில்தான். நாள் கூலி 900 ரூபாய் என்று பேசியிருந்தோம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வண்டிக்குப் பெட்ரோல் என்று இடையிடையே வாங்கிய முன்பணமும், வெளியூரில் கேட் மாட்டப் போகும்போது கொடுத்த பேட்டாவும் கலந்துபோய், சனிக்கிழமை மாலையில் அவர் கணக்கு ஒன்றாகவும் என் கணக்கு வேறாகவும் நிற்கும்.

இதைத் தீர்த்தது ஒரு நீள நோட்டு. நாள், கூலி, ஓவர்டைம், பேட்டா, முன்பணம் என்று கோடு போட்டேன். பேட்டா செலவுக் காசு, கூலியில் கழிக்கக் கூடாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதினேன். முன்பணத்துக்கு வாரம் 500 ரூபாய்க்கு மேல் பிடிப்பதில்லை. ஆறு நாள் வேலைக்கு 5,400. பிடித்தம் போக 4,900. அவரே கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவார். அதன் பிறகே வங்கிக் கணக்குக்கு அனுப்புவேன்.

அடுத்தது காப்பீடு. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் ஈ.எஸ்.ஐ. எங்களுக்கு இல்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு, ஒரே ஆளை வைத்திருப்பவருக்கும் உண்டு. நெருப்புப்பொறியும் கட்டிங் சக்கரமும் புழங்கும் இடத்தில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அவருக்காகத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்துவிட்டேன்.

தமிழகத்தில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். கூலியை மறுபடி உட்கார்ந்து பேசுவதற்கும் அந்த நாளையே வைத்துக்கொண்டோம்.