ரீமிக்ஸை இனியும் படிக்கலாமா?

ரியாக்டில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்கான ரீமிக்ஸின் அடுத்த பதிப்பு ரியாக்ட் ரவுட்டர் 7 என்ற பெயரில் வரும் என 2024 மே மாதம் அறிவித்தார்கள், நவம்பரில் வந்தும்விட்டது. பாதி படித்தவர்கள் தைரியமாகத் தொடரலாம். லோடர் (பக்கத்துக்குத் தரவு தருவது), ஆக்‌ஷன் (ஃபார்மில் அனுப்பியதைக் கையாள்வது), ஃபார்ம், ஒன்றுக்குள் ஒன்றான ரவுட்டுகள் எல்லாம் அதன் ஃப்ரேம்வொர்க் மோடில் அப்படியே இருக்கின்றன. இம்போர்ட் வரிகளையும் பேக்கேஜ் பெயர்களையும் தானாக மாற்றித் தரும் கருவி, கோட்மாட், உண்டு.

சிக்கல் அதற்கு முந்தைய வேலையில்தான். புராஜெக்ட் பழைய கம்பைலரில் ஓடினால் முதலில் வீட் (Vite) என்ற பில்ட் கருவிக்கு மாற்றுங்கள். பிறகு ரீமிக்ஸ் 2-இன் ஃபியூச்சர் ஃபிளாகுகளை (அடுத்த பதிப்பின் மாற்றங்களை முன்கூட்டியே இயக்கும் அமைப்புகளை) ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி கமிட் செய்யுங்கள். எல்லா லோடர்களின் தரவையும் ஒரே கோரிக்கையில் கொண்டுவரும் சிங்கிள் ஃபெட்ச் ஃபிளாகில்தான் பலர் மாட்டுவார்கள்: லோடரிலிருந்து ஆப்ஜெக்டை நேரடியாகத் திருப்பினால் தேதி ஸ்ட்ரிங்காக அல்ல, தேதியாகவே வரும், அதை ஸ்ட்ரிங் என நம்பி வெட்டிய கோடு உடையும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேராக ரியாக்ட் ரவுட்டர் ஆவணங்களுக்குப் போங்கள். வேலையிடத்தில் பழைய கோடு இருந்தால் மட்டும் ரீமிக்ஸ் 2. ரீமிக்ஸ் 3-க்காகக் காத்திருக்க வேண்டாம்; அது ரியாக்டையே விட்டு விலகும் தனிப்பாதை என 2025-இல் சொல்லிவிட்டார்கள்.