காருக்குச் சரியான டயர் சைஸ்: கடைக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு

"இந்த சைஸ் ஸ்டாக் இல்ல சார், ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாம், பாக்கவும் கெத்தா இருக்கும்" என்று டயர் கடையில் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அது ஒத்துவருமா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. ஸ்டிக்கரைத் தேடுங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், பெரும்பாலான கார்களில் கதவுத் தூணிலேயே சைஸும் காற்றழுத்தமும் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் காரோடு வந்த கையேட்டில் இருக்கும். இரண்டு மூன்று சைஸ் போட்டிருந்தால், உங்கள் வேரியன்டுக்கும் ரிம்முக்கும் உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டயரைப் பார்த்து எழுதிக்கொண்டு போவது செகண்ட் ஹேண்ட் காரில் ஆபத்து. பழைய ஓனர் மாற்றியிருக்கலாம். ஸ்டெப்னியும் பல கார்களில் சின்ன சைஸாக இருக்கும்.

2. எண்களைப் படியுங்கள்

185/65 ஆர்15 88ஹெச் என்று வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம்: பக்கச்சுவரின், அதாவது ரிம் விளிம்புக்கும் தரையில் படும் பகுதிக்கும் இடைப்பட்ட ரப்பரின், உயரம் அகலத்தில் 65%. இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஆர் என்றால் ரேடியல் என்ற டயர் வகை, 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும்; ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை.

3. மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள்

185-ல் 65% என்றால் 120.25. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், ஆக 240.5. ரிம் 15 × 25.4 = 381. மொத்தம் 621.5 மி.மீ.

2018-ல் வந்த மாருதி ஸ்விஃப்டில் விஎக்ஸ்ஐ வேரியன்டுக்கு 165/80 ஆர்14, இசட்எக்ஸ்ஐக்கு 185/65 ஆர்15. முதலாவதையும் போட்டுப் பாருங்கள்: 264 + 355.6 = 619.6. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் மொத்த உயரத்தில் வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. கம்பெனியே அப்படித்தான் சைஸ் மாற்றுகிறது.

அதே 15 அங்குல ரிம்மில் 205/65 மாட்டினால்? 647.5, அதாவது 4% அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, பழைய டயரில் அதே 100 காட்டியபோது போனதைவிட 4% வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். பிக்கப் மந்தமாகும், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே உரசலாம். 195/60 என்றால் 615தான், 1% குறைவு, அவசரத்துக்குச் சரி. ஆனாலும் என்னைக் கேட்டால், காரணமில்லாமல் அகலத்தைக் கூட்டுவது மைலேஜைக் குறைக்கிற வேலை.

4. இன்னும் சில

உயரம் பொருந்தினால் மட்டும் போதாது. புது டயரின் அகலம் உங்கள் ரிம்மின் அகலத்துக்கு ஒத்துவர வேண்டும். சுமை எண்ணும் (மேலே 88) வேக எழுத்தும் (ஹெச்) கம்பெனி சொன்னதற்குக் கீழே போகவே கூடாது. ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே சைஸ், ஒரே மாடல்.

அப்புறம், மாட்டுவதற்கு முன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம் செய்தது. ரொம்ப நாள் கடையில் கிடந்த டயர் என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.