திருட்டு என்று கூவுமுன்: அறிவியல் புனைகதைகளை ஒப்பிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979-ஆம் ஆண்டு இரண்டு நாவல்கள் வெளிவந்தன. ஒன்று ஆர்தர் சி. கிளார்க்கின் ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’. மற்றது சார்லஸ் ஷெஃபீல்ட் எழுதிய ‘தி வெப் பிட்வீன் தி வேர்ல்ட்ஸ்’. இரண்டிலும் தரையிலிருந்து விண்வெளிவரை ஒரு வடம் கட்டுகிறார்கள்; ராக்கெட் இல்லாமல் அதன்மீது ஏறிப் போகலாம். இரண்டிலும் கதாநாயகன் பாலம் கட்டிப் பேர்பெற்ற பொறியாளன். இரண்டிலும் ‘சிலந்தி’ என்று பெயர் வைத்த இயந்திரம் ஒன்று வருகிறது. இவ்வளவு போதாதா? நம்மில் பலர் அந்த மூன்றாவது ஒற்றுமையைப் படிக்கும்போதே தீர்ப்பை எழுதியிருப்போம்.

நானும் எழுதியிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் தன் கதையை வாசித்தார். மலைக்குப் போன ஒருவன் குகையில் ஒரு சித்தரோடு ஒரு பொழுது தங்குகிறான். குகை உண்மையில் ஒரு விண்கலம். திரும்பி வந்தால் ஊரில் அறுபது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. வாசித்து முடித்ததும் நான் எழுந்து, “இது ரிப் வான் விங்கிள்; மலையில் தூங்கி இருபது ஆண்டு கழித்து விழித்தவனின் கதை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சிலர் சிரித்தார்கள். அன்று இரவு வீட்டில் புரட்டிப் பார்த்தபோதுதான், 1819-இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய அந்த அமெரிக்கக் கதையே பீட்டர் கிளவுஸ் என்ற ஆட்டிடையனைப் பற்றிய ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையிலிருந்து வந்தது என்று தெரிந்தது. இடையனுக்கும் முன்னால் ஜப்பானில் உராஷிமா என்ற மீனவன் கடலுக்கடியில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பி, தன் ஊரில் தன்னைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் நின்றிருக்கிறான். நம் புராணத்தில் ககுத்மி என்ற அரசன் மகள் ரேவதிக்கு வரன் கேட்கப் பிரம்மலோகம் போய், ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்தான். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் ஓடிவிட்டன. மனதில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் இல்லை.

கிளார்க்கும் ஷெஃபீல்டும் என்ன ஆனார்கள்? கிளார்க் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்: இது தற்செயல், இப்படி ஒரு நாள் நடக்கத்தான் போகிறது. மூத்தவர் முந்திக்கொண்டு இளையவரைக் காப்பாற்றிய அழகான செயல் அது. ஆனால் அவருடைய பெருந்தன்மையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தற்செயலின் உள்வேலை.

நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றிவிடும். தரையிலிருந்து பார்த்தால் வானில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். அங்கிருந்து கீழே ஒரு வடத்தை விட்டு, எடை சமன்பட மேலேயும் ஒன்றை நீட்டினால் விண்வெளி மின்தூக்கி தயார். கான்ஸ்தந்தீன் சியால்கோவ்ஸ்கி 1895-இலேயே ஈஃபில் கோபுரத்தை மனதில் வைத்து விண்வரை எழும் கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்தார். மேலிருந்து வடம் இறக்கும் யோசனையை 1960-இல் யூரி அர்த்சுதானோவ் என்ற ரஷ்யப் பொறியாளர் ‘கொம்சொமோல்ஸ்கயா பிராவ்தா’ நாளிதழில் எழுதினார். 1975-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜெரோம் பியர்சன் அதையே தனியாகக் கண்டடைந்து ‘ஆக்டா ஆஸ்ட்ரனாட்டிகா’ என்ற ஆய்விதழில் கணக்கோடு வெளியிட்டார். கதைகளுக்கு நான்கு ஆண்டு முன்பு.

இதன்பிறகு நாவலாசிரியருக்கு எவ்வளவு சுதந்திரம் மிச்சம் என்று பாருங்கள். வடத்தின் அடி நிலநடுக்கோட்டில் நடப்பட்டாக வேண்டும். எஃகு தன் எடையையே தாங்காது, ஆகவே ஒரு புதுப்பொருள் வேண்டும். இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? சமையற்காரரையா? பாலம் கட்டுகிறவரைத்தான். நூலில் ஊர்ந்து போகும் கருவிக்குச் சிலந்தி என்ற பெயர் எந்த மொழிக்காரர் வாயிலும் முதலில் வரும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதவில்லை. இருவரும் ஒரே கணக்கைப் பார்த்து எழுதினார்கள்.

வேறுபாடுகளோ கணக்குக்குள் அடங்காதவை. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். தன் வடத்தை அங்கேதான் நட விரும்பினார். இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லையே! தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டுவிட்டார். சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் கதைக்குள் வந்து உட்கார்ந்தன. மலையுச்சி மடத்துத் துறவிகளுக்கும் பொறியாளனுக்கும் உள்ள பிணக்குதான் நாவலின் பாதி உயிர். ஷெஃபீல்டின் வடம் விண்வெளியிலேயே முழுதாக நெய்யப்பட்டுப் பிறகு பூமிக்கு ஓட்டிவரப்படுகிறது. கூடவே ஒரு கொலை மர்மம். ஒற்றுமைகளைப் பட்டியலிட்டவர்கள் இதில் ஒன்றையும் பட்டியலில் சேர்க்கவில்லை. நாம் செய்யும் முதல் தவறு இதுதான்: ஒத்திருப்பதை எண்ணுகிறோம், ஒவ்வாததை எண்ணுவதே இல்லை.

இருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது

இரண்டாவது தவறு, வழக்கில் இரண்டே பேர் என்று நினைப்பது. இதற்கு ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரில் 1967 டிசம்பரில் வந்த டிரிபிள் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டிரிபிள் என்பது உள்ளங்கையில் அடங்கும் உரோமப் பந்து. தடவிக் கொடுத்தால் பூனைபோல முனகும். சோறு போட்டால் பெருகும். விண்கப்பல் நிறைந்து, தானியக் கிடங்கு நிறைந்து, கப்பல் தலைவரின் தலையில் கொட்டும். எழுதியவர் டேவிட் ஜெரால்ட் என்ற இளைஞர். அதுதான் அவர் விற்ற முதல் கதை.

படப்பிடிப்புக்கு முன்பே ஒருவர் கவனித்துவிட்டார். ராபர்ட் ஹைன்லைன் 1952-இல் எழுதிய ‘தி ரோலிங் ஸ்டோன்ஸ்’ நாவலில் செவ்வாய்க்கிரகத்துத் தட்டைப்பூனை ஒன்று வருகிறது. அதுவும் உரோமப் பிராணி, அதுவும் முனகும், அதுவும் விண்கலம் முழுக்கப் பெருகும். ஜெரால்ட் அந்த நாவலைச் சிறுவயதில் படித்திருந்தார், எழுதும்போது நினைவில் இல்லை. அவர் மனதில் இருந்தது ஆஸ்திரேலிய முயல்கள்: 1859-இல் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட இரண்டு டஜன் முயல்கள் அந்தக் கண்டத்தையே தின்ற கதை.

ஹைன்லைனிடம் கேட்டார்கள். அவர் வழக்குப் போடவில்லை. ஒப்புமை பெரிதல்ல, கையெழுத்திட்ட திரைக்கதைப் பிரதி ஒன்று போதும் என்றார். தாங்கள் இருவருமே எல்லிஸ் பார்க்கர் பட்லரின் ‘பிக்ஸ் இஸ் பிக்ஸ்’ என்ற கதைக்குக் கடன்பட்டவர்கள், ஒருவேளை விலங்குகளை ஜோடி ஜோடியாகக் கப்பலில் ஏற்றிய பைபிள் நோவாவுக்கும் என்று சேர்த்துக்கொண்டார்.

1905-இல் வந்த அந்தக் கதையில் விண்கலமே இல்லை. ரயில் பார்சல் அலுவலகத்துக்கு இரண்டு கினிப் பன்றிகள் வருகின்றன; பெயர்தான் பன்றி, எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணிகள் அவை. வளர்ப்புப் பிராணி என்றால் கட்டணம் 25 சென்ட், பன்றி என்றால் 30 சென்ட். பன்றி என்று பெயரிலேயே இருக்கிறதே, 30 கொடு என்கிறார் குமாஸ்தா. கொடுக்கமாட்டேன் என்கிறார் உரிமையாளர். ஐந்து சென்ட் தகராறு கோப்பாகி, மேலிடத்துக்குப் போய், துறை துறையாக உலாவித் திரும்புவதற்குள் பன்றிகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிடுகின்றன. நம் ஊர் தாலுகா அலுவலகத்தில் ஒரு மனுவின் பின்னால் அலைந்த எவருக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. பட்லருக்கு அது அலுவலகக் கேலி, ஹைன்லைனுக்கு அண்ணன் தம்பி இருவரின் வியாபாரக் குறும்பு, ஜெரால்டுக்குச் சூழலியல் பாடம். பெருகும் பிராணி மட்டும் மூவருக்கும் பொது. அதுவும் வயலில் எலி பார்த்த எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம்.

தேதியைச் சாட்சியாக்குவது

யார் முதலில் எழுதினார் என்று தெரிந்துவிட்டால் மற்றவர் திருடர் என்று முடிவு கட்டுவது இன்னொரு பழக்கம். எச். ஜி. வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ 1895-இல் வந்தது. காலத்தில் பயணம் செய்யும் இயந்திரத்தை ஸ்பானிய எழுத்தாளர் என்ரிக்கே காஸ்பர் 1887-இலேயே எழுதிவிட்டார். அதற்கும் ஆறாண்டு முன்பு, 1881-இல், பின்னோக்கி ஓடும் கடிகாரம் மனிதர்களைக் கடந்த காலத்துக்குக் கொண்டுபோகும் கதை நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதியவர் பெயர் இல்லாமல் வந்தது. இவற்றில் எதையும் வெல்ஸ் படித்தார் என்பதற்குச் சான்று கிடையாது. முந்தியது முந்தியது மட்டுமே. கையில் கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

அந்த இரண்டாவது கேள்விக்கு எழுத்திலேயே பதில் உள்ள இடமும் உண்டு. யெவ்கெனி ஸம்யாதின் 1920-21-இல் எழுதிய ‘நாம்’ என்ற ரஷ்ய நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. யாரும் யாரையும் பார்க்கலாம். ஜார்ஜ் ஆர்வெல் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்து, 1946 ஜனவரியில் மதிப்புரை எழுதினார். குடிமக்களை அரசு ஓயாமல் கண்காணிக்கும் அவருடைய ‘1984’ வந்தது 1949-இல். இங்கே தொடர்பு உறுதி. அதே மதிப்புரையில் ஆர்வெல் ஒரு படி மேலே போய், ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ ஓரளவு இதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார். ஹக்ஸ்லியோ அந்த நூலைப் படித்ததில்லை என்றார். ஆக ஒரே நூலோடு இரண்டு நூல்கள் ஒத்துப்போகின்றன. ஒன்றுக்குக் கைச்சான்று இருக்கிறது, மற்றதற்கு ஊகம் மட்டும். ஒரே தராசில் இரண்டையும் நிறுக்க முடியாது.

ஸம்யாதினுக்கும் தாத்தா உண்டு. கப்பல் பொறியாளரான அவர் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசிலில் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டும் பணியைக் கவனித்தார். ஊர் திரும்பியபின் வெல்ஸின் ரஷ்ய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்பாசிரியராக இருந்தார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்த டெய்லரின் மேலாண்மை முறையை ‘நாம்’ நாவலின் கதாநாயகன் வழிபடுகிறான். கர்ட் வானகட் தன் முதல் நாவலுக்கு ஹக்ஸ்லியின் கதையைச் சந்தோஷமாகச் சுட்டதாகவும், ஹக்ஸ்லி அதை ஸம்யாதினிடமிருந்து சந்தோஷமாகச் சுட்டதாகவும் ஒரு நேர்காணலில் சொன்னார். ஹக்ஸ்லி விஷயத்தில் அது நகைச்சுவை, சாட்சியம் அல்ல. பலர் அதைச் சாட்சியமாகவே மேற்கோள் காட்டுகிறார்கள்.

தேதியைப் பார்த்து ஏமாறுவது வாசகர்கள் மட்டுமல்ல. 1944 மார்ச் மாதம் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழில் கிளீவ் கார்ட்மில் யுரேனியம்-235 அணுகுண்டு பற்றி ஒரு கதை எழுதினார். அமெரிக்கா இரகசியமாக அதையே செய்துகொண்டிருந்த நேரம். இராணுவ உளவுத்துறை வந்து ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லை விசாரித்தது. போருக்கு முன் வெளிவந்த ஆய்விதழ்களில் எல்லாமே அச்சில் இருந்தன என்பதே பதில். கதையில் சண்டையிடும் நாடுகளின் பெயர்கள், அந்தப் போரில் மோதிய இரு அணிகளான ஆக்ஸிஸ், அலைஸ் என்பவற்றின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டவை. இரகசியம் காக்கிறவர் வைக்கும் பெயரா அது?

‘எல்லாம் நம்மிடம் இருந்தது’

ககுத்மியைப் பற்றிச் சொன்னதும் சிலர் முகம் மலர்ந்திருக்கும்: அப்படியானால் மிக வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது புராணத்தில் இருக்கிறது! இல்லை. தேவர்களின் நாள் நம் ஆண்டைவிட நீளம் என்பது தெய்வத்தின் பெருமையைச் சொல்லும் வழி. வேகத்தோடு அதற்குத் தொடர்பு கிடையாது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் கருவுற்ற அரசியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான்; அது பறந்து போய்ச் சுடுகாட்டில் இறங்குகிறது, அங்கே சீவகன் பிறக்கிறான். ஓர் அற்புதமான புனைவு. அதை விமான வரைபடமாக்கினால் திருத்தக்கதேவரின் கற்பனையை நாமே பறித்துத் தச்சனிடம் கொடுத்துவிடுகிறோம். விமானங்களை விவரிக்கும் பழைய நூல் என்று முத்திரை குத்திய ‘வைமானிக சாஸ்திர’த்தை இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974-இல் ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து நூல் என்றும் அதிலுள்ளவை பறக்காது என்றும் காட்டினார்கள்.

அதற்காக யாருமே திருடுவதில்லை என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறுதான். ‘ஸ்டார் டிரெக்’கிலேயே இன்னொரு நிகழ்ச்சி. ஜீன் கூன் எழுதிய ‘அரீனா’ என்ற கதை, ஃபிரெட்ரிக் பிரவுன் 1944-இல் அதே தலைப்பில் எழுதிய கதையை மிக நெருங்கியிருந்தது தெரியவந்ததும், பிரவுனிடம் உரிமை வாங்கி அவர் பெயரையும் போட்டார்கள்.

சத்யஜித் ரேயின் வழக்கு இவ்வளவு எளிதில் முடியவில்லை. அவர் 1967-இல் ‘தி ஏலியன்’ என்ற திரைக்கதையை எழுதினார்: வங்காளக் கிராமத்துக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது, கிராமத்தார் அதைக் கோயில் என்று நினைக்கிறார்கள், ஒரு சிறுவனோடு அந்தச் சிறிய விருந்தாளி நட்பாகிறது. படம் எடுக்கப்படவே இல்லை. வேற்றுலகவாசி ஒருவனோடு ஒரு சிறுவன் நட்பாகும் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ 1982-இல் வந்தபோது, தன் திரைக்கதையின் படிகள் அமெரிக்கா முழுக்கச் சுற்றியிராவிட்டால் அந்தப் படம் சாத்தியமாகியிருக்காது என்றார் ரே. ஸ்பீல்பெர்க் மறுத்தார். வெல்ஸ் விஷயத்துக்கு இது நேர் எதிர்: அங்கே கருத்து நெருக்கம், கைக்குக் கிடைத்த தடயம் இல்லை, இங்கே கிடைக்கும் வழி இருந்தது, கதையோ விலகிப் போகிறது. ‘ஈ.டி.’ பிரிந்த குடும்பத்துச் சிறுவனின் தனிமை, ரேயுடையது ஒரு கிராமத்தின் நையாண்டிச் சித்திரம். ரேயின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

சட்டமும் இந்த இடத்தில் நிதானமானது. ஒரு நாடகத்தைப் பார்த்துத் திரைப்படம் எடுத்தார்கள் என்ற ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் கருத்துக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை இல்லை, அதைச் சொல்லும் விதத்துக்குத்தான் உண்டு என்றது. நன்னூல் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது என்பேன். “முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்.” ஒத்திருப்பதைப் பவணந்தியார் குற்றமாகச் சொல்லவில்லை. பின்னால் வந்தவன் வேண்டிச் செய்த விகற்பம், அதாவது வேறுபாடு, என்ன என்றுதான் கேட்கிறார்.

அந்த இளைஞரின் கதையைப் பிறகு கேட்டு வாங்கிப் படித்தேன். மலையிலிருந்து இறங்கியவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. அறுபது ஆண்டாகப் பெயர் நீக்கப்பட்ட குடும்ப அட்டையைத் தூக்கிக்கொண்டு, தான் உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்க வரிசையில் நிற்கிறான். வரிசை நகரவில்லை, அவனுக்கு முன்னால் நிற்கிறவனும் அதே மலையிலிருந்து இறங்கியவன். நான் எழுந்து நின்று பேசிய அவசரத்தில் இந்தப் பக்கத்தைக் காதில் வாங்கவே இல்லை.