மலைச் சாலையில் ஜோடியாக ஒரு நாள் சைக்கிள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வழக்கமாக 80 கிலோமீட்டர் ஓட்டுகிறோம், இது 60தானே" என்று போடும் கணக்கிலேயே முதல் தவறு வந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமான பகுதியில் தூரத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மொத்தம் எத்தனை மீட்டர் ஏறப்போகிறோம் என்பதுதான் கணக்கு. சமதளத்தில் 60 கி.மீ. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குள்ளேயே 1,000 மீட்டர் ஏற்றமும் இருந்தால், ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. சராசரிச் சரிவையும் அப்படியே நம்ப வேண்டாம். 5 கி.மீ. தூரத்துக்குச் சராசரி 5 சதவீதம் என்று மேப் காட்டும். அதில் ஒரு கி.மீ. தட்டையாகவும் அரை கி.மீ. 12 சதவீதமாகவும் இருக்கலாம். ஆளை இறக்கி நடக்கவைப்பது அந்த அரை கிலோமீட்டர்தான். வட்டப் பாதை என்றால் இரண்டு திசையிலும் சரிவைப் பார்த்து, பெரிய ஏற்றம் முற்பகலில் வருகிற திசையைத் தேர்ந்தெடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இருவரில் பலம் கூடியவரை மனதில் வைத்து நாளைத் திட்டமிடுவது.

உச்சியில் நடக்கும் அநியாயம்

வேகமானவர் முதலில் ஏறி முடித்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நாலு படமும் எடுத்திருப்பார். மற்றவர் மூச்சிரைக்க வந்து ஒரு காலை ஊன்றுவார். "வந்தாச்சா, கிளம்பலாமா?" இப்படி நாலு ஏற்றம் போனால் ஒருவருக்கு 40 நிமிட ஓய்வு, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. ஓய்வு முழுக்கத் தேவை குறைந்தவருக்கே போய்ச் சேர்கிறது. பிற்பகலில் வெடிக்கும் சண்டைகளுக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம். ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஓய்வு நேரம் தொடங்குவது பின்னால் வருபவர் வந்து நின்ற பிறகுதான். கிளம்பலாம் என்று சொல்வதும் அவராகவே இருக்கட்டும்.

பக்கவாட்டில் ஓட்டும்போது, ஒருவருடைய முன்சக்கரம் எப்போதும் அரைச் சக்கரம் முந்தியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர் எட்டிப் பிடிப்பார், இவர் தெரியாமலேயே இன்னும் கொஞ்சம் கூட்டுவார். பேசிக்கொண்டே போகிறோம் என்று நினைத்திருக்க, வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஏற்றத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது மெதுவானவராக இருக்க வேண்டும். அவரால் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதே அளவுகோல்.

சாமான்களை எல்லாம் பலமானவர் சுமந்தால் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. சைக்கிளோடு சேர்த்து 85 கிலோ இருக்கும் ஒருவர் 5 கிலோ கூடுதலாகச் சுமந்தால், செங்குத்தான ஏற்றத்தில் அவர் வேகம் 5, 6 சதவீதம் குறையும். 20 நிமிட ஏற்றத்தில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். சிறிய இடைவெளியை இது அடைக்கும், பெரிய இடைவெளியை அடைக்காது.

கியர்

'கியர் போதும், முடியாவிட்டால் எழுந்து நின்று மிதித்துக்கொள்ளலாம்' என்பது சமதளப் பழக்கம். முன்னால் இருக்கும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் இருப்பதில் 25 பல் என்றால், சாதாரண ரோடு சைக்கிளில் ஒரு முழு மிதிக்கு சைக்கிள் கிட்டத்தட்ட 2.85 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கி.மீ. 8 சதவீத ஏற்றத்தில் 85 கிலோ மொத்த எடைக்கு இந்த வேகம் 200 வாட்டுக்கு மேல் கேட்கும். பின்னாலும் 34 பல் இருந்தால் அதே 60 சுற்றில் வேகம் ஏழரை கி.மீ., தேவை 150 வாட்டை ஒட்டி. பலருக்கு முன்னது பத்து நிமிடம்கூடத் தாங்காது, பின்னதை அரை மணி நேரம் இழுத்துவிடலாம். முக்கியமாக, இருவரில் பலம் குறைந்தவருக்குத்தான் மிதிக்க லேசான இந்தக் கியர் வேண்டும். நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: புது சைக்கிள் ஒருவருக்கு, பழையது மற்றவருக்கு.

பெரிய கேசட் (பின்சக்கரப் பல்சக்கரங்களின் தொகுப்பு) மாட்டினால் செயினும் அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பின் டிரெய்லியர் அத்தனை பல்லைத் தாங்குவதா என்றும் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவில் இந்த வேலை வேண்டாம். சாலையில், கால் இறுகிய பிறகு கியரை மாற்றாதீர்கள். அழுத்தம் இருக்கும்போது மாற்றினால் செயின் தாவும், சில நேரம் அறுந்தேபோகும். தாமதமாகிவிட்டால் ஒரு மிதி பலமாக மிதித்து, அடுத்த மிதியைத் தளர்த்தி, அந்த நொடியில் மாற்றுங்கள்.

இறக்கம்

அதிகம் பயப்படுபவரின் பிரேக்தான் அதிகம் சூடாகும். 85 கிலோ எடை 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். வேகமாக இறங்குபவருக்கு அதில் பெரும்பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். 15 கி.மீ. வேகத்தில், பிரேக்கை விடாமல் பிடித்தபடி வருபவருக்குக் காற்று உதவாது, ஏறக்குறைய எல்லாமே பிரேக்கில் போய்ச் சேரும். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி, டியூபில் காற்றழுத்தம் ஏறி, டியூப் வெடிக்கலாம். ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் உள்ளே இருக்கும் திரவம் கொதித்து, பிடி ஹேண்டில்பார் வரை போயும் பிரேக் பிடிக்காத நிலை வரும். லேசாக உரசவிட்டே வருவதுதான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நேர்ப்பகுதியில் விடுங்கள். வளைவுக்கு முன், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தை நன்றாகக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று ஆறவிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடலாம், விரலாலும் தொடாதீர்கள். பிரேக் பேடில் உராயும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

இருவருக்கும் இடையே குறைந்தது மூன்று விநாடி இடைவெளி வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் அது 33 மீட்டர். முன்னவரின் பின்சக்கரத்தில் பின்னவரின் முன்சக்கரம் உரசினால், பெரும்பாலும் விழுவது பின்னவர்தான். காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வியர்வையோடு இறங்கினால் இரண்டே நிமிடத்தில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது.

சாப்பாடும் பையும்

பசித்த பிறகு சாப்பிடுவது என்றால் தாமதமாகிவிட்டது என்று பொருள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. தண்ணீர், முதல் வாய் 45 நிமிடத்துக்குள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராமை ஒட்டி இருக்கும். பக்கத்தில் வருபவரின் பேச்சு நின்றுவிட்டது, கேட்டதற்கெல்லாம் சிடுசிடுப்பு என்றால், கோபமா என்று விசாரிக்காமல் முதலில் எதையாவது சாப்பிடக் கொடுங்கள்.

ரிப்பேர் சாமான்கள் ஒரே பையில், அந்தப் பை முன்னால் போகிறவரிடம்: மிகச் சாதாரணமான, மிக வீணான தவறு. பஞ்சராகி நிற்பவர் பின்னால், பம்ப் மூன்று கி.மீ. மேலே. கனமான துணியும் உணவும் வேகமானவரிடம் போகட்டும், ரிப்பேர் பை மெதுவானவரிடம் இருக்கட்டும். முன்னவர் பஞ்சராகி நின்றால் பை தானாக வந்து சேரும். டியூபின் அளவையும் பாருங்கள். ஒருவருடைய சக்கரம் 700சி, மற்றவருடையது 27.5 அங்குலம் என்றால் ஒரே டியூப் இருவருக்கும் ஆகாது. ஒன்றில் மெல்லிய பிரெஸ்டா வால்வு, மற்றதில் தடித்த ஷ்ரேடர் இருந்தால் பம்பின் தலை இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே அடித்துப் பாருங்கள்.

பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. அதனால் மேப்பை முன்பே இறக்கிவைத்து, பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னவர் நிற்க வேண்டும், போனை நம்பி நகரக் கூடாது. மலை மறைப்பதால் அங்கே வெளிச்சமும் முன்பே குறைந்துவிடும். திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பேசி வைத்து, இன்னும் இரண்டு கி.மீ.தான் பாக்கி என்றாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். பின்விளக்கு இருவர் சைக்கிளிலும் வேண்டும்.